கத்தரிப்பூ நிறக் கோடுகள்

என் நோய் முதலில் வெளியே தெரிந்தது கம்பெனி பஸ்ஸின் படியில்தான். ஒரு காலைத் தூக்கி வைத்துவிடுவேன். அடுத்த கால் வராது. கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, உடம்பை இழுத்து, பின்னால் நிற்பவர்களின் பெருமூச்சைக் கேட்டுக்கொண்டே ஏற வேண்டும்.

"பாத்து ஏறுக்கா, பஸ்ஸு சாஞ்சிடப் போவுது" என்று ஒருவன் சொன்னான். பஸ் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். இன்றைக்கு நினைத்தால் அவன் சொன்னதைவிட நான் சிரித்ததுதான் எனக்குக் குமட்டுகிறது.

என் பெயர் கௌரி. ஊர் ஆரம்பாக்கம். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் கார்களுக்கு பிளாஸ்டிக் பாகம் செய்கிற ஒரு கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை. கோணல், கீறல், நிறமாற்றம் எதுவாக இருந்தாலும் எடுத்து ஓரமாகப் போட வேண்டும். என் கணவர் பாபு பக்கத்திலேயே ஓர் இரும்பு ஆலையில் கிரேன் ஓட்டுகிறார். கல்யாணமாகிச் சில வருடங்கள். குழந்தை இல்லை. இந்த ஒரு வரி போதும், எங்கள் பக்கத்தில் யார் வேண்டுமானாலும் உங்கள் உடம்பைப் பற்றிப் பேச உரிமை வந்துவிடும்.

முதலில் முகம் உப்பியது. கன்னம் சிவந்து, கண் உள்ளே போய், யாரோ ஊதிவிட்டது போல ஆனது. பிறகு வயிறு. கழுத்துக்குப் பின்னால் ஒரு திமில். ஆனால் கையும் காலும் மட்டும் குச்சியாகிக்கொண்டே போயின. மோவாயில் முடி முளைத்தது. முதுகு முழுக்கப் பரு. மாதவிலக்கு நின்றது. சாப்பாடு குறையக் குறைய எடை ஏறியது. காலை நாஷ்டாவுக்கு ஒரு இட்லி, மத்தியானம் ஒரு கரண்டி சோறு. அதற்கே வயிறு முன்னால் வந்து நின்றது. ரயிலில் ஒரு அம்மா எழுந்து எனக்கு இடம் கொடுத்து, "எத்தினியாவது மாசம்?" என்று கேட்டாள். ஐந்தாவது என்று சொல்லி உட்கார்ந்துகொண்டேன். நிற்க முடியவில்லை, வேறென்ன செய்ய.

டாக்டர்களிடம் போகாமல் இல்லை. அதுதான் எரிச்சலே. பஜாரில் இருந்த டாக்டர் பிரஷருக்கு மாத்திரை எழுதி, "வாயைக் கட்டுங்கம்மா" என்றார். சர்க்கரை டாக்டர் சர்க்கரைக்கு எழுதினார். பெண்கள் டாக்டர் சினைப்பையில் நீர்க்கட்டி என்றார், இளைத்தால் சரியாகிவிடும் என்றார். தோல் டாக்டர் பருவுக்கு ஒரு களிம்பு. தூக்கம் வரவில்லை, எதற்கெடுத்தாலும் கோபம் வருகிறது, தனியாக அழுகிறேன் என்று சொன்னதற்கு இன்னொருவர் ஒரு மாத்திரை. என் உடம்பைக் கறிக்கடையில் பிரிப்பது போல ஆளுக்கொரு துண்டாக எடுத்துக்கொண்டார்கள். முழு ஆளாக என்னை யாரும் பார்க்கவில்லை. பாதிப் பேர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. நிமிர்ந்து பார்த்த ஒருவருடைய முகத்தில் ஒரு சுளிப்பு வந்து போனதே, அதை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். வடித்த கஞ்சி நாறினால் வருகிற சுளிப்பு.

அதோடு தோல் காகிதமாகிவிட்டது. மேசை ஓரம் இடித்தால் கன்றிப்போகும். யாராவது கையைப் பிடித்தால் ஐந்து விரலும் நீலமாகப் பதியும். ஒரு கிளினிக்கில் ரத்தம் எடுக்க வந்த நர்ஸ் என் கையைப் பார்த்தாள், பிறகு வாசலில் நின்ற பாபுவைப் பார்த்தாள்.

"எம்மா, அந்தாளு உன்ன அடிக்கிறானா? பயப்படாம சொல்லு."

"இல்லக்கா."

"எல்லாரும் இப்டித்தான் சொல்லுவீங்க" என்று சொல்லிவிட்டு, போகும்போது அவரை முறைத்துக்கொண்டே போனாள். பாபுவுக்கு அது காதில் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து என்னைத் தொடுவதை நிறுத்தினார். படுக்கையில் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். கண்ணாடியில் பார்த்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறதே, அந்த மனிதருக்கு இருக்காதா? அவரைக் குறை சொல்லவில்லை. வெறுத்தேன், அவ்வளவுதான்.

கடைசியில் சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் இரைப்பையைச் சின்னதாக வெட்டித் தைக்கலாம் என்றார்கள். அங்கே டாக்டருக்கு முன்னால் ஒரு பெண் வந்து உட்கார்ந்து, பளபளவென்று ஒரு புத்தகத்தைப் பிரித்து, குண்டாக இருந்தவர்கள் ஒல்லியான படங்களைப் புரட்டிக் காட்டினாள். துணிக்கடையில் புடவை போடுவது போலவே போட்டாள். "மேடம், லைஃபே மாறிடும்" என்றாள். நாளும் குறித்தாயிற்று. அந்த ஆபரேஷன் மட்டும் நடந்திருந்தால், என் உள்ளே வேறு ஒன்று எரிந்துகொண்டிருக்க, நல்ல இரைப்பையை வெட்டி வீசியிருப்பார்கள். இருந்த உடம்பு நிலையில் நான் அந்த மேசையிலிருந்து எழுந்திருப்பேனா என்பதே சந்தேகம் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

என்னைக் காப்பாற்றியது ஒரு தண்ணீர் கேன். செவ்வாப்பேட்டையில் இருக்கிற அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணி சரளா அடுப்படியில் இருந்தாள். வாசலில் இருந்த கேனை உள்ளே வைக்கலாம் என்று குனிந்து தூக்கினேன். முதுகில் முறுக்கு உடைகிற சத்தம். அப்படியே உட்கார்ந்துவிட்டேன், மூச்சு விட முடியவில்லை. அண்ணி ஆட்டோ பிடித்துத் திருவள்ளூரில் ஒரு எலும்பு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள்.

அவர் எக்ஸ்ரேயை விளக்கில் வைத்துப் பார்த்தார். முதுகெலும்பில் ஒரு கட்டை நசுங்கியிருந்தது.

"உங்க வயசுல இப்டி ஒடையக் கூடாதே" என்றார். பிறகு என் பக்கம் நாற்காலியைத் திருப்பினார். "எழுபது வயசுக்காரங்க எலும்பு மாதிரி இருக்குது. கொஞ்சம் வயித்தக் காட்டுங்கம்மா."

அண்ணி புடவையை விலக்கினாள். தொப்புளின் இரண்டு பக்கமும் விரல் அகலத்துக்குக் கத்தரிப்பூ நிறத்தில் கோடுகள். பூனை பிராண்டியது போல, ஆனால் தோலுக்கு உள்ளிருந்து. நான் அவற்றை ஒரு வருடத்துக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். குளிக்கும்போது கண்ணை மூடிக்கொள்வேன்.

"இத இதுக்கு முன்னாடி எந்த டாக்டராவது பாத்தாங்களா?"

"யாரும் காட்டச் சொல்லல சார்."

அவர் என் கல்யாணப் படம் இருக்கிறதா என்று கேட்டார். அண்ணியின் போனில் இருந்தது. போனை என் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து மாறி மாறிப் பார்த்தார். "இது சாப்பாட்டால வந்த குண்டு இல்ல. இரைப்பை ஆபரேஷன ஒடனே நிறுத்துங்க" என்று சொல்லி, சென்னையில் பெரிய அரசு மருத்துவமனையின் ஹார்மோன் பிரிவுக்குக் கடிதம் கொடுத்தார். அண்ணி வெளியே வந்ததும் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. நான் தீனிக்காரி இல்லை என்று ஒரு ஆள் சொல்லிவிட்டார். அதற்கு முதுகெலும்பு உடைய வேண்டியிருந்தது.

ஹார்மோன் பிரிவில் காத்திருக்கும் இடம் ஒரு நீளமான வராந்தா. கழுத்தில் கட்டியோடு ஒருத்தி, வளராத பிள்ளையோடு ஒரு தாய், கையும் தாடையும் பெருத்துப்போன ஒரு பெரியவர். கழிவறையில் கால் வைக்க முடியாது. கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. அங்கேதான் சிறுநீரைக் கேனில் பிடித்து வரச் சொல்வார்கள். கேனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, எல்லோரும் பார்க்க, வராந்தா முழுக்க நடந்து வர வேண்டும். சில பரிசோதனைகளுக்கு வெளியே தனியார் லேபுக்குப் போகச் சொன்னார்கள். அங்கே ஏ.சி., மீன் தொட்டி, சிரித்த முகம். பில்லைப் பார்த்ததும் பாபு அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார், என்னிடம் காட்டவில்லை.

அங்கிருந்த பெண் டாக்டர் எனக்குப் புரியும்படி சொன்னார். மூளைக்கு அடியில், மூக்குக்குப் பின்னால், பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்று ஒரு சுரப்பி இருக்கிறது. அது சிறுநீரகத்தின் தலைமேல் உட்கார்ந்திருக்கிற அட்ரீனல் சுரப்பிகளுக்கு உத்தரவு போடும். அவை கார்ட்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கும். பயம், காய்ச்சல், அடி என்று ஆபத்து வந்தால் உடம்பைத் தாங்கிப் பிடிப்பது அதுதான். பிட்யூட்டரியில் ஒரு கடுகளவு கட்டி வந்தால்கூட உத்தரவு நிற்காமல் போய்க்கொண்டிருக்கும். கார்ட்டிசால் கொட்டோ கொட்டென்று கொட்டும். அது சதையைக் கரைக்கும், எலும்பை அரிக்கும், தோலை மெலியவைக்கும், கொழுப்பை முகத்திலும் வயிற்றிலும் கொண்டுபோய்க் குவிக்கும். இதற்குக் குஷிங் நோய் என்று பெயர்.

"நான் சாப்பிட்டதால இல்லையா மேடம்?"

"இல்லவே இல்ல. நீங்க பட்டினி கெடந்தாலும் இது ஏறும்."

கண்டுபிடிப்பது இப்போது எவ்வளவு சுலபமாகிவிட்டது என்பதுதான் எனக்கு ஆறவில்லை. ராத்திரி ஒரு மாத்திரை, காலையில் ரத்தம். நல்ல உடம்பில் அந்த மாத்திரை கார்ட்டிசாலை அடக்கிவிடும். என் உடம்பில் அடங்கவில்லை. பிறகு எச்சில். படுக்கப் போகிற நேரத்தில் ஒரு பஞ்சுத் துண்டை வாயில் மென்று குழாயில் போட்டுக் கொடுத்தால் போதும். இரவில் இறங்கியிருக்க வேண்டிய கார்ட்டிசால் இறங்கவில்லை என்று அந்த எச்சிலே சொல்லிவிட்டது. துப்பினால் தெரிகிற நோய்க்காக வருடக்கணக்காக என் மேல் துப்பிக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் தலையை ஸ்கேன் எடுத்தபோது கட்டி தெரியவில்லை. படம் சுத்தமாக இருந்தது. அன்றைக்கு ஒரு பயிற்சி டாக்டர், நான் காதில் வாங்க மாட்டேன் என்று நினைத்து, இன்னொருவரிடம், "வெறும் ஒபீசிட்டியா இருக்குமோ?" என்றார். மறுபடியும் அதே குண்டுக் கதையை ஆரம்பித்துவிட்டார்கள். பெண் டாக்டர் விடவில்லை. படத்தில் தெரியாத அளவு சின்னதாகவும் இருக்கலாம், ரத்தத்தையே நேராகக் கேட்டுவிடலாம் என்றார்.

அந்தப் பரிசோதனையைச் சொல்ல வேண்டும். இரண்டு தொடை இடுக்கிலும் ஊசி போட்டு, ரத்தக் குழாய் வழியாக மெல்லிய டியூபை மேலே மேலே ஏற்றி, மண்டை ஓட்டின் அடியில், பிட்யூட்டரியிலிருந்து ரத்தம் வடிகிற இடத்துக்கே கொண்டுபோகிறார்கள். நான் விழித்துக்கொண்டுதான் இருந்தேன். காதுக்குள் யாரோ சீலையைக் கிழிப்பது போல ஒரு சத்தம். பிறகு ஒரு மருந்தை ஏற்றி, இடப்பக்கம், வலப்பக்கம், கை என்று ஒரே நேரத்தில் ரத்தம் எடுத்தார்கள். தலைக்குள் எடுத்த ரத்தத்தில் உத்தரவு போடும் ஹார்மோன் கையில் எடுத்ததைவிடப் பல மடங்கு இருந்தது. பிட்யூட்டரிதான், சந்தேகமில்லை. வலப்பக்கமாக இருக்கலாம், அதை மட்டும் நூற்றுக்கு நூறு நம்ப முடியாது என்றார் டாக்டர்.

"முன்னாடியெல்லாம் கட்டி எங்கன்னு தெரியாம ரெண்டு அட்ரீனலையும் எடுத்திருப்பாங்க. நீங்க அதிர்ஷ்டசாலி" என்றார். கட்டியை எடுக்கிற ஆபரேஷன் வரைக்கும் கார்ட்டிசால் சுரப்பைக் குறைக்க ஒரு மாத்திரையும் கொடுத்தார்.

அவர் மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனாலும் அந்தச் சொல் எனக்குப் பிடிக்கவில்லை. மண்டைக்குள் கடுகைத் தேடிப்பிடிக்கிற அளவுக்கு விஞ்ஞானம் வந்துவிட்டது. கும்மிடிப்பூண்டியில் ஒரு டாக்டர் நோயாளியின் புடவையை ஒரு சாண் விலக்கிப் பார்க்கிற அளவுக்கு வரவில்லை. இதில் எங்கே அதிர்ஷ்டம்?

ஆபரேஷனுக்கு முந்தின நாள் அண்ணி வந்தாள். வார்டில் படுக்கைக்குப் படுக்கை திரை கூடக் கிடையாது. என் மோவாயிலும் கன்னத்திலும் முடி வளர்ந்து கிடந்தது. அடுத்த படுக்கைக்காரி என்னை வைத்தே தன் பேத்திக்குப் பூச்சாண்டி காட்டிக்கொண்டிருந்தாள். அண்ணி அதைப் பார்த்தாள். பையிலிருந்து தன் புடவையை எடுத்து, கட்டில் கம்பிக்கும் ஜன்னலுக்குமாகக் கட்டி மறைத்தாள்.

"நூல் போட்டு முடி எடுத்தா தோலு கீஞ்சிடும். கத்திரிக்கோல் கொணாந்துக்கிறேன். ஆடாம இரு."

நகம் வெட்டுகிற சின்னக் கத்தரிக்கோலால் ஒவ்வொரு முடியாக வெட்டினாள். அவள் மூச்சு என் முகத்தில் பட்டது. அவ்வளவு கிட்டத்தில் என் முகத்தை யாரும் பார்த்து வருடக்கணக்காகிவிட்டது. அவள் சுளிக்கவில்லை. முடித்ததும் கொஞ்சம் பவுடர் தடவி, "ஆங், போ, ஷோக்கா கீற" என்றாள்.

அந்தத் திரைக்குள்தான் பாபுவும் வந்து உட்கார்ந்தார். அண்ணி டீ வாங்கப் போயிருந்தாள். கேட்டுவிட்டேன். நாளைக்கு எழுந்திருப்பேனோ மாட்டேனோ, கேட்காமல் எப்படி இருப்பது?

"என்னப் பாத்தா உங்களுக்கு அருவருப்பா இருந்திச்சில்ல?"

அவர் என் கையைப் பார்த்தார். தொடவில்லை.

"அருவருப்பா? பயம் கௌரி. தொட்டா நீலமாவுது. கையப் புடிச்சா வெரலு பதியுது. அந்த நர்சம்மா கேட்டப்பவே செத்துட்டேன். தூக்கத்துல கை கால் பட்டுடுமோன்னு தெனம் செவுத்தோட ஒட்டிக்கினு படுத்தேன். உனக்கு இன்னா தெரியும்?"

எனக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. இத்தனை காலம் ஒரே படுக்கையில் இரண்டு பேரும் தனித்தனியாக வெந்திருக்கிறோம். இந்த நோய்க்குப் பெயர் வைத்தவர்கள் அதை எந்தப் பட்டியலிலும் சேர்க்கவில்லை.

மண்டையைத் திறக்காமல் மூக்கு வழியாகவே கேமராவை விட்டுக் கட்டியை எடுத்தார்கள். வலப்பக்கத்தில்தான் இருந்தது, அரிசிக் குறுணை அளவு. கண் விழித்தபோது மூக்கு நிறைய அடைப்பு. தொண்டையில் ரத்தக் கட்டி இறங்கிக்கொண்டே இருந்தது. விழுங்கினால் வாந்தி, துப்பினால் கறுப்பு. மூக்கிலிருந்து தெளிந்த தண்ணீர் வருகிறதா என்று அடிக்கடி குனியச் சொல்லிப் பார்த்தார்கள். வந்தால் அது மூளையைச் சுற்றியிருக்கும் நீராம். ஒவ்வொரு சொட்டுச் சிறுநீரையும் அளந்தார்கள். என்னைப் பெற்ற நைனா ஆரம்பாக்கத்தில் அறுப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்து, பார்வை நேரம் தவிர ஆண்களை உள்ளே விடாததால், மாடிப்படியிலேயே உட்கார்ந்திருந்தார். அந்த நேரத்தில் வந்து, "இன்னா பாப்பா, மூச்சு உட முடியுதா?" என்று மட்டும் கேட்பார். வேறு கேள்வி தெரியாது அவருக்கு.

ரத்தத்தில் கார்ட்டிசால் அதலபாதாளத்துக்கு விழுந்தது. டாக்டர் ஓடிவந்து, "சந்தோஷமான சேதி, கட்டி முழுசா வந்துடுச்சு" என்றார். அப்போது எனக்கு மூட்டுக்கு மூட்டு யாரோ ஆணி இறக்குவது போல வலி. தலை தூக்க முடியாது. குடித்த கஞ்சி வெளியே வந்தது. இத்தனை காலம் கார்ட்டிசாலில் ஊறிய உடம்பு, அது இல்லாமல் கிடந்து துடித்தது. உறங்கிப்போன சொந்தச் சுரப்பிகள் விழிக்கும் வரைக்கும் அதே ஹார்மோனை மாத்திரையாக விழுங்க வேண்டும், காய்ச்சல் வந்தால் இரண்டு மடங்கு, ஒருநாளும் தானாக நிறுத்தக் கூடாது. அந்த நேரத்தில் அவர் சிரித்த சிரிப்புக்கு எழுந்து அறைந்திருப்பேன். எழ முடியவில்லை.

வீட்டுக்கு வந்து, படுத்து, உட்கார்ந்து, சுவரைப் பிடித்து நடந்து, மாதங்கள் போயின. தோல் உரிந்தது. முடி கொத்தாகக் கொட்டியது. பிறகு முகம் வற்றத் தொடங்கியது. ஒருநாள் கண்ணாடியில் என் கன்னத்து எலும்பு தெரிந்தது. சர்க்கரை மாத்திரை நின்றது. பிரஷர் மாத்திரை பாதியானது. முதுகு மட்டும் பழையபடி ஆகவில்லை. ஆகாது என்கிறார்கள். இந்த நோய் திரும்பவும் வரலாம், வருடா வருடம் பார்க்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார்கள்.

வேலைக்குத் திரும்பினேன். அப்போதுதான் உண்மையான குமட்டல் வந்தது. என்னைக் கண்டு ஒதுங்கியவர்கள் எல்லாம் சுற்றி நின்றார்கள். "இன்னாக்கா, ஹீரோயின் மாதிரி ஆயிட்ட!" பேக்கிங் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்த பத்மா என்பவள் பக்க வியாபாரமாக எடை குறைக்கும் பவுடர் விற்கிறாள். அவள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் என் படம் இருந்தது. ஆயுத பூஜையன்று கம்பெனியில் எடுத்து எல்லோர் போனிலும் கிடந்த உப்பிப்போன முகமும், பக்கத்தில் இப்போதைய முகமும். கீழே அவள் பவுடர் டப்பா. நான் பார்க்கும்போதே நாலைந்து பேர் வாங்கிவிட்டிருந்தார்கள்.

கேன்டீனில் தட்டோடு அவள் எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"என் படத்த யாரக் கேட்டுப் போட்ட?"

"கோச்சிக்காதக்கா. உனக்கும் நல்ல பேருதானே?"

"நான் பவுடர் குடிச்சி இளைக்கல. எனக்குத் தலைக்குள்ள கட்டி. மூக்கு வழியா எடுத்தாங்க. தெரியுமா?"

எல்லாவற்றையும் சொன்னேன். வயிற்றுக் கோடுகளை, எலும்பு நசுங்கியதை, ரத்தம் துப்பியதை, இன்றைக்கும் மாத்திரை மறந்தால் விழுந்துவிடுவேன் என்பதை. பத்மா போனை எடுத்துப் படத்தை அழித்தாள். ஓரத்தில் டப்பா வாங்கியிருந்த ஒருத்தி, சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்:

"எது பண்ணா இன்னாக்கா, இளைச்சிட்ட இல்ல?"

தட்டை அப்படியே வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன். கழிவறையில் முகத்தைக் கழுவிக்கொண்டிருக்கும்போது பின்னால் யாரோ வந்து கதவைச் சாத்தினார்கள். செல்வி. என் பிரிவில் கடைசி மேசையில் உட்காருகிறவள், இரண்டு பிள்ளை பெற்றவள், யாரோடும் அதிகம் பேசாதவள். அவளும் டப்பா வாங்கியிருந்தாள்.

"அக்கா, எனக்கும் வயித்துல கோடு கீது. கொஞ்சம் பாக்குறியா?"

நான் டாக்டர் இல்லை என்றேன். தெரியும் என்றாள். ஜன்னல் பக்கம் நிற்கச் சொன்னேன். சுடிதாரைத் தூக்கினாள். வெளிச்சத்தில் குனிந்து பார்த்தேன், விரலால் தடவினேன். பிரசவத்தில் விழுந்த பழைய வெள்ளைக் கோடுகள். கைத்தோலைக் கிள்ளிப் பார்த்தேன், தடிப்பாகத்தான் இருந்தது. குந்தி உட்கார்ந்து கை ஊன்றாமல் எழு என்றேன். எழுந்துவிட்டாள்.

"இது அது இல்ல செல்வி. எதுக்கும் டாக்டராண்ட காட்டு. வயித்தப் பாக்காம மாத்திர எழுதுனா எந்திரிச்சி வந்துடு."

அவள் சுடிதாரை இழுத்துவிட்டுக்கொண்டு போனாள். நான் குழாயை மூடினேன். முழுசாகப் பார்த்து முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.